லர்லீன் ஷீலியின் பனிப்போர்

பனிப்போர் என்ற சொல்லுக்குத் தகப்பன் யார் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் ஒருவர் அதற்கு முன்பே எழுதிவிட்டாராம். இல்லை, பேச்சை எழுதிக்கொடுத்தவர்தான் தகப்பனாம். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். 1947 ஏப்ரலில், அமெரிக்காவின் தெற்கே எங்கள் கொலம்பியா நகரத்துச் சட்டமன்றத்தில், தம் உருவப்படத் திறப்புக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னார். மறுநாள் காலை அது எங்கள் தெருவுக்கு வந்து, லர்லீன் ஷீலி அம்மையாரின் தலையில் விழுந்தது. இது அவருடைய வரலாறு.

பஸ் ஓட்டுநர் ஹேவர்ட் ஷீலியின் மனைவி, நெல்டாவின் தாய், கேக் சுடுவதில் மாவட்டத்துக்கே பேர்போனவர். பக்கத்து வீட்டு வெர்டி டெரிக், அவருடைய உயிர்த்தோழி. வெர்டியின் பீக்கன் மரத்துக் கிளையொன்று வேலி தாண்டி இந்தப் பக்கம் கொட்டைகளை உதிர்க்கும். முந்தைய நவம்பரில் தேவாலய விருந்தில் லர்லீனின் பீக்கன் கேக்கைச் சபையே மெச்சியபோது வெர்டி சொன்னாள்:

“ஆமா, என் மரத்துக் கொட்டை இந்த வருஷம் நல்லாத்தான் வந்திருக்கு.”

லர்லீன் புன்னகைத்தார். எங்கள் ஊரில் பெண்கள் அப்படிப் புன்னகைத்தால் ஆண்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள்.

அத்தோடு பேச்சு நின்றது. ஆனால் வெர்டியின் கண்ணாடித் தட்டு லர்லீன் வீட்டில் இருந்தது. தட்டை வைத்துக்கொண்டால் திருட்டு. வெறுமையாகத் திருப்பினால் அவமானம். ஆகவே அதில் ஓரடுக்குக் கேக் ஒன்றை வைத்து, வெர்டியின் வராந்தாக் கட்டையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தார். ஈரடுக்குக் கேக்கோடு தட்டு திரும்பி வந்தது. லர்லீன் மூன்றடுக்கு அனுப்பினார். ஒவ்வொன்றிலும் “அன்புடன்” என்று ஒரு சீட்டு. சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலம் அது. ஹேவர்ட் கசப்புக் காப்பி குடித்தார். ஆனாலும் அவருடைய வயிற்றுக்கும் பஸ் ஸ்டீயரிங்குக்கும் எல்லைத் தகராறு முற்றியது.

அந்த ஏப்ரல் காலையில் அவர் செய்தித்தாளை மடக்கினார்.

“லர்லீன், இதக் கேளேன். சண்டையும் இல்லையாம், சமாதானமும் இல்லையாம். பனிப்போராம். உன்னையும் வெர்டியையும் நேர்ல பாத்துட்டு எழுதின மாதிரி இருக்கு.”

“எனக்கும் வெர்டிக்கும் சண்டையா? யாரு சொன்னா?”

“யாருமே சொல்லல. அதுதானே விசேஷம்!”

மதியத்துக்குள் அந்தப் பெயர் தெருமுனையில் லிண்ட்லரின் முடிதிருத்தும் கடைக்குப் போய்விட்டது. மாலையில் லர்லீன் கடை வாசலில் நின்றார்.

“என்னை ரஷ்யான்னு சொன்னவன் எவன்?”

“ஐயோ மிஸ் லர்லீன், நீங்க அமெரிக்காதான்,” என்றார் லிண்ட்லர். “ஆனா மிஸ் வெர்டியும் அதையேதான் சொல்லியனுப்பியிருக்காங்க. ரஷ்யாவுக்கு ஆள் கிடைக்காம தவிக்கிறோம்.”

பெயர் வைக்கும்வரை பிழைக்க வழி இருந்தது. யார் வேண்டுமானாலும் “என்ன சண்டை?” என்று கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கலாம். பெயர் வந்த பிறகு, முதலில் நிறுத்துபவர் தோற்றவர். கடையில் பந்தயம்கூடக் கட்டினார்கள்.

அந்த வாரம் நெல்டா சர்க்கரை டப்பாவைத் திறந்தாள்.

“அம்மா, அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். இதுல ஒரு கரண்டிதான் இருக்கு. கல்யாணக் கேக்கை எதுல செய்வ? மண்ணுலயா?”

அடுத்த கூப்பனில் வருவது கல்யாணத்துக்கே பத்தும் பத்தாது. மேசையில் வெர்டியின் தட்டு வேறு, தன் முறைக்காகக் காத்திருந்தது. தட்டை நிரப்பினால் மகளுக்குக் கேக் இல்லை.

லர்லீன் தட்டைக் கழுவினார். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை அணிந்தார். பட்டப்பகலில், தெருவே பார்க்க, வெறும் தட்டை ஏந்திக்கொண்டு நடந்தார். லிண்ட்லர் பாதிச் சவரத்தில் ஆளை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். போர்முனையில் பதக்கம் வாங்கியவர்கள் எங்கள் தெருவில் உண்டு. அன்று அவர்களும் எழுந்து நின்றார்கள். லர்லீன் தட்டை வெர்டியின் வராந்தாக் கட்டையில் வைத்துவிட்டு, தலை குனியாமல் திரும்பினார்.

எங்கள் பக்கத்தில் தட்டு வெறுமையாக வருகிறது என்றால் ஒரே அர்த்தம்தான்: அந்த வீட்டில் துக்கம், அடுப்பு எரியவில்லை. வெர்டி வேலியைப் பிளந்துகொண்டு, ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தாள்.

“லர்லீன்! யாருடி போய்ட்டா? ஹேவர்டா? நெஞ்சுவலியா?”

“நான் இங்கதான் இருக்கேன், வெர்டி,” என்றார் ஹேவர்ட், ஊஞ்சலிலிருந்து.

“அப்ப தட்டு ஏன் காலியா வந்துச்சு?”

“சக்கர தீந்துபோச்சு,” என்றார் லர்லீன். “இதுக்கு மேல அனுப்பினா நெல்டாவுக்குக் கேக் இல்ல. நீயே ஜெயிச்சதா வச்சுக்கோ.”

வெர்டி படியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அடிப் பாவி! எனக்கு மார்ச்சுலயே தீந்துபோச்சுடி. அப்புறம் நீ தின்னதெல்லாம் சோளப்பாகு.”

“அதான் அவ்வளவு நல்லா இருந்துச்சா?”

இருவரும் சிரித்த சிரிப்பில் பந்தயக்காரர்கள் மனமுடைந்து கலைந்தார்கள்.

நெல்டாவின் கல்யாணக் கேக் வெர்டியின் அடுப்பில், கொஞ்சம் சர்க்கரையும் மீதி சோளப்பாகுமாக வெந்தது. வெளுப்பாக இருக்கவேண்டியது மரநிறத்தில் நின்றது. பாதிரியார் மூன்று துண்டு தின்றுவிட்டு யார் கைப்பக்குவம் என்று கேட்டார். “வெர்டியோடது” என்றார் லர்லீன். “லர்லீனோடதுங்க” என்றாள் வெர்டி. “உன்னோடதுதான்டி.” “இல்ல, உன்னோடது.” இருவரும் விடுவதாக இல்லை. பாதிரியார் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.