சிஞ்ஞோராவின் சுவரில் ஒரு தீவு

பலெர்மோ நகரின் லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவின், அதாவது வீட்டு அம்மாவின், கணவர் பசிபிக் கடலில் ஏதோ ஒரு தீவுக்குப் போய்விட்டு வந்திருந்தார். ஒரு ஞாயிறு பின்னேரம் விருந்தினர்களைக் கூப்பிட்டு, அங்கே எடுத்த படங்களை வரவேற்பறைச் சுவரில் போட்டுக் காட்டினார். நான் கேக்கும் கோப்பியும் பரிமாறிக்கொண்டிருந்தேன். என்னைக் கூட்டிப்போக வந்து கீழே நின்ற என் கணவரையும் சிஞ்ஞோரா மேலே அழைத்து, கதவோரம் ஒரு கதிரையில் இருத்தினார். "உங்கள் ஊரும் தீவுதானே, அவரும் பார்க்கட்டும்" என்றார்.

சின்னத் துறைமுகம். கரையில் இழுத்துவைத்த வள்ளங்கள். பெண்கள் மீனைக் கீறிப் புகையில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை கப்பல் வந்து, கொப்பராவையும் கருவாட்டையும் ஏற்றிக்கொண்டு அரிசி, மாவு, மண்ணெண்ணெய் இறக்கிவிட்டுப் போகுமாம். கடலுக்குப் போக முடியாதவர் வீட்டுக்கும் மீனில் ஒரு பங்கு போகுமாம்.

"கவலையே இல்லாத சனங்கள்" என்று ஒரு விருந்தாளி பெருமூச்சு விட்டார்.

என் கணவர் முன்னுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் கடலுக்குப் போனவர். பலெர்மோவில் மாடிப்படி கழுவுகிறவர். திடீரென்று தன் உடைந்த இத்தாலியனில் கேட்டார்.

"கப்பல் வராவிட்டால்?"

"மீன் சாப்பிடுவார்கள்!" என்றார் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"மீன் மட்டும், முடியாது. எங்கள் தீவு, சண்டை, கப்பல் இல்லை. மாவுக்கு ஆட்கள் அடிபிடிப்பட்டார்கள். என் மனைவி, சட்டை கிழிந்தது."

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. தட்டோடு நின்ற நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கேக்கைப் பார்த்தேன். "கோப்பி ஆறப்போகிறது" என்று சிஞ்ஞோரா பேச்சை மாற்றினார்.

பஸ்ஸில் வாய்விட்டுச் சண்டை பிடித்தேன்.

"என்ரை சட்டை கிழிஞ்சதை அவைக்கு ஏன் சொன்னனீங்கள்?"

"நான் பொய்யே சொன்னனான்?"

"பொய் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வெக்கமாய் இருந்திராது."

"படத்திலை மீன் வாட்டின அந்தப் பொம்பிளையளைப் பார்த்துச் சிரிச்சவை. எனக்குப் பொறுக்கேல்லை" என்றார்.

அடுத்த நாள் வேலை முடிந்து புறப்படும்போது சிஞ்ஞோரா என் கையில் ஒரு பெரிய பையைத் தந்தார். அரிசி, பாஸ்தா, மாவு. தன் பழைய சட்டைகள் இரண்டையும் மடித்து மேலே வைத்திருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்போது ஒன்றுக்கும் குறைவிருக்கவில்லை.

கணவர் பையைத் திறந்து பார்த்தார்.

"திருப்பிக் குடு."

"எப்பிடிக் குடுக்கிறது? நாளைக்கும் நான் அந்த முகத்தைப் பார்க்க வேணுமெல்லே."

அந்தப் பாஸ்தாவை அவித்தேன். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார். அதன் பிறகு என்னைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் தெருவின் மற்றப் பக்கத்தில்தான் நிற்பார். சிஞ்ஞோரா பால்கனியிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டாலும் காணாததுபோல் நிற்பார். அந்தச் சட்டைகளில் ஒன்றை நான் கோவிலுக்கு உடுத்தினேன். அளவு சரியாயிருந்தது.