லேப் வாசலில் என் இடம்

என் மகள் பத்தாம் வகுப்பு பாஸான வருசம், சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர் திருவேங்கடம் போகிற வழியில், கரிசல்காட்டுக்குள் இருக்கிறது. நர்ஸ் வேலைக்குப் போகவேண்டும், அதற்கு சயின்ஸ் குரூப் எடுக்கவேண்டும் என்று அவள் சொன்னாள். குரூப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் கேட்டது என் மகள். வாங்கிக்கொடுக்கவேண்டியது நான்.

அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டபோது, ஹிஸ்டரி குரூப்தான் தருவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியூர்ப் பெண்பிள்ளைகளுக்கு அங்கே அதுதான் வழக்கமாம். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர், படித்தது போதுமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். மறுநாள் காலையில், நல்லது பொல்லாததற்கு உடுத்துகிற சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு, அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேரும்போது பிரேயர் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நடுவில் நின்று விசில் ஊதினார். மைதானம் முழுக்க அப்படியே கல்லாக நின்றது. வாத்தியார்மாரும் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். ஓரத்தில் வேட்டி கட்டிய ஒல்லியான மனிதர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிளார்க்காக இருக்கும் என்று அவரை விட்டுவிட்டேன். ஊதினால் ஊரே நிற்கிறதே, இவர்தான் பெரிய வாத்தியார் என்று முடிவுகட்டி, விசில்காரர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மகள் வாங்கிய மார்க்கைச் சொன்னேன், நர்ஸ் வேலையைச் சொன்னேன், குரூப் வாங்காமல் இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்பதையும் சொன்னேன்.

அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "எம்மா, நான் டிரில் வாத்தியார். என்கிட்ட இருக்கது கபடி குரூப்பு மட்டுந்தான்" என்றார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "அப்ப யாருகிட்ட சொல்லணுமோ அங்கன கூட்டிட்டுப் போங்க சார்" என்றேன். சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார்.

நடக்கிற வழியெல்லாம் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இத்தனை ஊர் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்டாப் ரூமில் தமிழ் ஐயாமார் ஒரு மூலையில் வெற்றிலைச் செல்லத்தோடு இருந்தார்கள். கணக்கு வாத்தியார்மார் ஜன்னலோரம், காற்று வருகிற இடம். ஹிஸ்டரிக்காரர்கள் பேப்பர் வாசித்தார்கள். டிராயிங் மாஸ்டரும் தையல் டீச்சரும் கதவுப் பக்கம் ஒரே பெஞ்சில், ஆளுக்கொரு முனையில். சயின்ஸ்காரர்கள் அங்கே வருவதே இல்லையாம். லேப்பிலேயே இருந்து, அங்கேயே டீ போட்டுக் குடித்து, தனி ராஜ்யமாக இருந்தார்கள். டிரில் வாத்தியாருக்கு மாடிப்படிக்குக் கீழே, பந்துகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல்.

ஹெட்மாஸ்டர் அறைக்குள் போனால், அந்த ஒல்லி மனிதர் உட்கார்ந்திருக்கிறார். டிரில் வாத்தியார் என்னைக் காட்டி, என்கிட்ட சொன்னதை அப்படியே சார்கிட்ட சொல்லுங்க என்றார். இரண்டாவது தடவை எனக்கு இன்னும் நன்றாகவே வந்தது.

ஹெட்மாஸ்டர் கெமிஸ்ட்ரி சாரைக் கூப்பிட்டுவிட்டார். அவர்தான் விசயத்தை விளக்கினார். இருப்பது ஒரே லேப். பிராக்டிகலுக்குப் பிள்ளைகளை இரண்டு பிரிவாக விடவேண்டும். எப்போதும் பையன்கள் முதலில், பெண்பிள்ளைகள் பிறகு. அவர்கள் முடித்து வெளியே வரும்போது பள்ளிக்கூடம் விட்டு, கடைசி பஸ் தவிர மற்றதெல்லாம் போய், இருட்டவும் தொடங்கிவிடும்.

"கடைசி பஸ்ல பொட்டப்பிள்ளைய தனியா ஏத்திவிட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லது?" என்றார்.

"தனியா எதுக்கு வாரா? நான் வந்து லேப்பு வாசல்ல உக்காந்து கூட்டிட்டுப் போறேன்."

"வாரம் தவறாம வரணும். காட்டு வேலைய விட்டுட்டு வருவீங்களா?"

"காடு எங்கயும் ஓடிராது சார்."

ஹெட்மாஸ்டர் சரி என்றார். ஆனால் ஒரு பிராக்டிகலுக்கு நான் வராவிட்டாலும் பிள்ளை ஹிஸ்டரி குரூப்புக்குப் போய்விடவேண்டும் என்றார். ஒத்துக்கொண்டேன்.

அன்றுமுதல் பிராக்டிகல் நாளென்றால் மத்தியானத்தோடு களையெடுப்பை நிறுத்திவிட்டு, கைகால் கழுவி, பஸ்ஸுக்கு வந்துவிடுவேன். லேப் வாசல் படியில் எனக்கென்று ஓரிடம் ஆகிப்போனது. உள்ளேயிருந்து மூக்கைத் துளைக்கிற வாடை வரும். முதலில் தலை வலித்தது, பிறகு பழகிவிட்டது. வாத்தியார்மார் தாண்டிப் போகும்போது, என்னம்மா வந்தாச்சா என்று கேட்பார்கள். டிரில் வாத்தியார் மட்டும், எந்த குரூப் வேணும் என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் பஸ் பாதிவழியில் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. கண்டக்டர் தள்ளச் சொன்னார், எல்லோரும் தள்ளினோம், அசையவில்லை. நான் அங்கிருந்தே நடந்தேன். செருப்பு முழுக்கக் கரிசல் அப்பி, காலைத் தூக்க முடியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். அங்கே பிராக்டிகல் முடிந்திருக்கும், என் இடம் வெறுமையாகக் கிடக்கும், அதைக் கெமிஸ்ட்ரி சார் பார்த்திருப்பார் என்ற நினைப்புத்தான் வழியெல்லாம். ஓட முடிந்த இடத்தில் ஓடினேன்.

போய்ப் பார்த்தால், என் படியில் டிரில் வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார், கழுத்தில் விசிலோடு. பக்கத்தில் மகள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் எழுந்து இடம் விட்டார்.

"நீங்க வரக் காணலன்னு பெரிய வாத்தியாரே வந்து உக்காந்துட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. கெமிஸ்ட்ரி சார் லேப்பைப் பூட்டிக்கொண்டிருந்தார். திரும்பி, முழங்கால்வரை சேறு அப்பியிருந்த என் காலைப் பார்த்தார், கையிலிருந்த செருப்பைப் பார்த்தார்.

"நான் வந்துட்டேன் சார். இது வராத கணக்கு இல்ல" என்றேன்.

"யாரு வரலன்னு சொன்னா?" என்று சாவியை இடுப்பில் செருகினார். கொஞ்ச தூரம் போனவர் நின்று, "அடுத்த வாரத்துல இருந்து பொம்பளப் பிள்ளைங்க முதல்ல செய்யட்டும். பயலுக பொறவு செய்வானுக. நீங்க வரவேண்டாம்மா" என்றார்.

அடுத்த வாரமும் போனேன். சொன்னபடி நடக்கிறதா என்று என் கண்ணால் பார்க்கவேண்டாமா? லேப் வாசலில் பையன்கள் முறைக்குக் காத்து நின்று முனகிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்தபோது, மகள் லேப் மருந்து பட்டு விரல் நுனியெல்லாம் மஞ்சளாக, எல்லாப் பிள்ளைகளோடும் வெளியே வந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறினோம். அதற்கடுத்த வாரம் நான் களையெடுக்கப் போய்விட்டேன்.