அரை வரி வீடுகள்

எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி வீட்டுக்கு ஒன்று. ஆம்பளை இல்லாத வீட்டுக்கு அரை. அதை என்னவோ பெரிய தயவு மாதிரி சொல்லிக்கொள்வார்கள். ஆனால் ஊர்க்கூட்டத்தில் அந்த வீட்டுக்கு வாயும் கிடையாது, ஓட்டும் கிடையாது. அப்பா போன பிறகு நாங்கள் அரை வரி. எங்களைத் தவிர அரை வரி வீடு பக்கத்து வீட்டு அத்தையுடையது மட்டும்தான். அவருடைய ஆடு எங்கள் அவரைப் பந்தலை மேய்ந்த நாளிலிருந்து அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தொண்ணூற்றொன்று, தேர்தல் நேரம். ஓட்டுக் கேட்டு வந்த அத்தனை பேரும் ஊருக்குள் பஸ் விடுவதாக வாய் வலிக்கச் சொன்னார்கள். டெப்போவில் கேட்டால், ஏரிக்கரைப் பாதைக்கு ஊரே சரளை கொட்டினால் பஸ் வரும் என்றார்கள். ஊர்ப் பணம் இருந்தது. ஆனால் அது ஆடி மாதக் கூத்துக்கு.

அந்த பஸ் இல்லாவிட்டால் என் பிழைப்பு போச்சு. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஒயர் சுற்றும் வேலை. ஷிப்ட் முடிந்து ஒரகடத்தில் இறங்கி, இருட்டில் ஏரிக்கரையோடு வயசுப் பொண்ணு ஒண்டியாக வரவேண்டும். பஸ் வராவிட்டால் வேலைக்கு முழுக்கு என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் கோயில் எதிரே கூட்டம். வீட்டுக்கு ஓர் ஆம்பளை வீதம், சரளை என்பவர்கள் வேப்பமரத்துப் பக்கம், கூத்து என்பவர்கள் கிணற்றுப் பக்கம் போய் நிற்கவேண்டும். அதுதான் எங்கள் ஊர் ஓட்டு. எண்ணிப் பார்த்தால் இரண்டும் சரிசமம். நாட்டாமை தலையைச் சொறிந்தார். இழுபறி என்றால் பழைய வழக்கமே நிற்கும், அதாவது கூத்து.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

"சட்டசபைக்கு எனக்கு முழு ஓட்டு கீது. இங்க அரை வரி வாங்கிக்கினு கீறீங்களே, அந்த அரை ஓட்டு எங்க மாமா?"

ஆம்பளைகள் சிரித்தார்கள். நாட்டாமையும் சிரித்துக்கொண்டே, அரையை எப்படி எண்ணுவது, இன்னொரு அரை வந்தால் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்றார். எந்த தைரியத்தில் சொன்னார் என்று ஊருக்கே தெரியும். எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினார். விறுவிறுவென்று நடந்து வேப்பமரத்துப் பக்கம் போய் நின்றார். அம்மாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இவ மூஞ்சிக்காக வரல. இந்தப் பொண்ணு கரையில வர்ற வரைக்கும் டெய்லி எங்க வூட்டுக் கதவத் தொறந்து வெச்சிகினு பாத்துகினு கீறேன். நானும் தூங்க வாணாமா?"

யாருமே இல்லை என்று நான் நடுங்கி நடுங்கி ஓடி வந்த பாதை அது. எங்கள் வீட்டு நிழலைக்கூட மிதிக்காத மனுஷி, தினமும் என்னை வீடு சேர்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தியிருக்கிறார்.

அம்மா போய் அவர் பக்கத்தில் நின்றாள். நாட்டாமை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது. அவர்கள் பக்கம் விரலை நீட்டி, "ஒன்னு" என்றார்.