வீட்டுக்காரர் மலைக்கு அந்தப் பக்கம்

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவளுடைய அக்காதான். சின்ன வயதில் வாய் ஓயாதாம். சாப்பிடும்போது பேசுவாள், தலை வாரும்போது பேசுவாள், தூக்கத்திலும் அரைகுறையாக ஏதாவது ஒலிபரப்பாகும். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தபோது அந்தப் பெயரும் கூடவே வந்துவிட்டது.

எங்கள் ஊர் ஓர் ஏரிக்கரையில், மலையடிவாரத்தில், ஒரே தெருவாக நீளும் சிற்றூர். பேருந்து இங்கே வந்து திரும்பிவிடும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் நடக்கத்தான் வேண்டும். அப்படி நடப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். முதுகில் மூட்டை, கையில் ஊன்றுகோல், கழுத்தில் தொங்கும் வரைபடம். ஏரியைச் சுற்றி நடப்பார்கள். கணவாயைத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஏரிக்கு இறங்குவார்கள். இவ்வளவு பாடுபட்டு எதற்கு நடக்கிறார்கள் என்று எங்களுக்கு இன்றுவரை புரிந்தபாடில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அவர்களால்தான் அடுப்பு எரிகிறது.

ரேடியோவுக்கும் நடைக்காரர் விடுதியில்தான் வேலை. அறை கூட்டுவது, படுக்கை விரிப்பது, விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடுவது. வெயில் நாளில் ஏரிக்காற்று வீசும் பின்கட்டில் கொடி கட்டிக் காயப்போடுவாள். மழை நாளில் கொதிகலன் இருக்கும் சிறிய அறையில். அங்கே எப்போதும் சோப்பு வாசனையும் ஈரக் காலுறை வாசனையும் கலந்து அடிக்கும். பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் சமையல்காரரைக் கூப்பிடுவாள். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்வார். மடித்து முடிக்கும்வரை அவள் பேச்சு நிற்காது.

"கொஞ்சம் விளம்பர இடைவேளை விடும்மா, மூச்சு வாங்குது" என்பார் சமையல்காரர்.

அவள் வீட்டுக்காரனை ஊரில் எல்லோரும் பாதைக்காரன் என்போம். ஊராட்சியில் நடைபாதைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கல் பெயர்ந்தால் பதிப்பான், ஓடைமேல் போட்ட மரப்பாலத்தில் பலகை உளுத்தால் மாற்றுவான், மழைத் தண்ணீர் பாதையில் ஏறாமல் சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டுவான். பேச்சு குறைவு. இவள் பேசுவதற்கு அவன் கேட்பது சரியாகப் பொருந்திவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். குழந்தை இல்லை. அவனுடைய அம்மா கூட இருந்தார். வீடு அந்த அம்மாளுடையது.

மழை தொடங்கிய சமயம், கணவாய்க்குக் கீழே மண் சரிந்து பாதையை மூடிவிட்டது என்று தகவல் வந்தது. பாதைக்காரன் காலையிலேயே கிளம்பினான். "என் மழைக்கோட்டு எங்க?" என்று கேட்டான். அவள் வேறு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கதையை நிறுத்தாமலே கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். அவன் எடுத்துப் போட்டுக்கொண்டு போனான். அன்று இருட்டியும் வரவில்லை.

மறுநாள் ஆண்கள் மலையேறிப் பார்த்தார்கள். சரிந்த மண்ணில் பாதி அள்ளப்பட்டிருந்தது. மண்வெட்டி குத்தி நின்றது. ஆளைக் காணோம். அந்த இடத்துக்கு நேர் கீழே ஏரி. பார்த்த எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது. படகுகளைத் தள்ளி, நீண்ட கழிகளால் தண்ணீரைத் துழாவத் தொடங்கினார்கள். ரேடியோ கரையில் நின்றாள். பெண்கள் ஆளுக்கொரு பக்கமாக அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பிடிக்கிற அளவுக்கு அவள் ஒன்றும் தள்ளாடவில்லை.

துழாவல் இரண்டாவது நாளாக நடந்துகொண்டிருக்கும்போதே, கணவாய்ப் பக்கமிருந்து ஒரு நடைக்காரத் தம்பதி நனைந்துகொண்டு விடுதிக்கு வந்து சேர்ந்தது. வருகிற எல்லோரிடமும் கேட்பதுபோல, வழியில் யாரையாவது பார்த்தீர்களா என்று சமையல்காரர் கேட்டார். அந்தப் பெண் தன் கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். அவள் பெரிய ஏரிக்கரையில் நின்று சிரிக்கிற படம். பின்னால் படகுத்துறையில் ஒரு ஆள் குனிந்து பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"இவரா பாருங்க. நேத்து சாயங்காலம் எடுத்தது."

ரேடியோவைக் கூட்டிவந்தார்கள். அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தொப்பி புதுசு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். சமையல்காரர் ஓடிப்போய்ப் படகுக்காரர்களைச் சத்தம் போட்டுத் திருப்பிக் கூப்பிட்டார். ரேடியோ உள்ளே போய் அந்தத் தம்பதிக்கு அறை தயார் செய்தாள்.

நாலு பேர் போய் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வரலாம் என்று முதலில் பேச்சு வந்தது. அரை நாள் நடைதானே. மாமியார் கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"அவன் என்ன கன்னுக்குட்டியா, கயிறு போட்டு இழுத்துட்டு வர்றதுக்கு? காலு இருக்கில்ல. வர்றதுன்னா வரட்டும்."

அக்கா போனில் கூப்பிட்டாள். "நீ எதுக்குடி அங்க உக்காந்திருக்கே? பொட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வந்துடு."

"பாக்கலாங்கா."

"என்ன பாக்கப் போறே? உனக்குக் கோபமே வரலியா?"

"வரலை. வந்தா சொல்றேன்."

வரவில்லை. அழுகையும் வரவில்லை. பேச்சு மட்டும் மெல்ல மெல்ல நின்றுபோனது. வேண்டுமென்று வாயைக் கட்டிக்கொண்டதல்ல, சொல்ல எதுவும் இல்லாததுபோல் ஆகிவிட்டது. விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு சமையல்காரர் காத்திருப்பார், அவள் பாட்டுக்கு மடிப்பாள். "ரேடியோவில பேட்டரி தீந்துபோச்சு" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். பெயர் மட்டும் மாறவில்லை. புதிதாக வருகிறவர்கள் வாயே திறக்காத பெண்ணுக்கு இப்படி ஒரு பெயரா என்று விழிப்பார்கள்.

ஒரு தடவை அவளாகவே சமையல்காரரிடம் சொன்னாளாம். "கால் மரத்துப்போனா கிள்ளிப் பாப்போமில்லண்ணே, அந்த மாதிரி நானும் கிள்ளிப் பாக்கறேன். அங்க அவருக்கு ஒரு பொம்பளை இருக்கான்னு நெனச்சுப் பாக்கறேன். நான் பேசிப் பேசியே துரத்திட்டேனோன்னு நெனச்சுப் பாக்கறேன். ஒண்ணும் தெரியமாட்டேங்குது." சொல்லிவிட்டுத் தலையணை உறை மாட்டப் போய்விட்டாள்.

செய்தி மட்டும் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிற நடைக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் அவனைப் பற்றிப் பேசுவார்கள். படகுத்துறையில் ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷன், குறுக்கு வழி காட்டினார், சூப் கொடுத்தார் என்பார்கள். அவள் படுக்கையைத் தட்டிக்கொண்டே "அப்படியா" என்பாள்.

வீட்டில் மாமியார் காத்திருப்பார். மகன் பேச்சே எடுக்கக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவர் அவர்தான்.

"இன்னிக்கு அந்தப் பக்கத்துல இருந்து யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்க அத்தை."

"என்னவாம்?"

"படகுக்கெல்லாம் பச்சை பெயிண்ட் அடிக்கிறாராம்."

"பச்சையா? தண்ணியில பச்சை எடுபடுமா? நீலம் அடிக்க வேண்டியதுதானே." அத்தோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள்.

இப்படியே சில வருஷங்கள் போயின. மாமியாருக்கு முதலில் முழங்கால் போனது, அப்புறம் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ரேடியோதான் குளிப்பாட்டினாள், மருந்து கொடுத்தாள், நடக்கவைத்தாள். ஒரு குளிர்காலக் காலையில் தேநீர் கொண்டுபோனபோது மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தொட்டுப் பார்த்துவிட்டு, தேநீரை ஜன்னலோரம் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

கூடத்தில் ஊர் கூடியது. அவனுக்கு யார் சொல்வது என்று கேள்வி வந்தது. விடுதி முதலாளியம்மா, "படகுத்துறை நம்பர் எங்கிட்ட இருக்கு. போன்ல சொல்லிடறேன்" என்றார்.

"வேண்டாம்மா. நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றாள் ரேடியோ.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அவள் விடுதிக் கொல்லையைத் தாண்டி மலையில் கால் வைத்ததில்லை.

"உனக்கு வழி தெரியுமா?"

"வழியைப் பத்தித்தான் தினம் கேக்கறேனே."

முதலாளியம்மா தன்னுடைய நடைச் செருப்பைக் கொடுத்தார். அளவு கொஞ்சம் பெரிது. உள்ளே துணி வைத்து அடைத்துக்கொண்டாள். துணைக்கு வருகிறேன் என்றவர்களை வேண்டாமென்றுவிட்டாள்.

பாதை ஏரியோரமாகப் போய், பிறகு மரங்களுக்குள் ஏறியது. அவன் பதித்த படிக்கற்கள்தான் எங்கும். சில இடங்களில் கல் ஆடியது, வாய்க்கால்களில் சருகு அடைத்துத் தண்ணீர் பாதையில் ஓடியது. அவனுக்குப் பிறகு யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. கணவாயில் காற்று காதை அடைத்தது. அங்கே நின்றால் இரண்டு பக்கத்து ஏரிகளும் தெரியும், அந்தக் காட்சிக்காகவே ஏறுகிறோம் என்று நடைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள். அவளும் பார்த்தாள். தண்ணீர். இரண்டு பக்கமும் தண்ணீர். கெண்டைக்கால் வலித்தது. இறங்கத் தொடங்கினாள்.

பாதைக்காரன் துறையில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தான். தலைமுடி நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கையிலிருந்த உளியை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றான்.

"அம்மா போயிட்டாங்க. காலைலதான்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். படகின் மேல் உட்கார்ந்தான். அவள் செருப்பிலிருந்த சேற்றைப் பார்த்து, "நடந்தா வந்தே?" என்று கேட்டான்.

"ஆமா."

"தேத்தண்ணி போடட்டுமா?"

துறையை ஒட்டிய ஒற்றை அறையில்தான் இருந்தான். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஆணியில் தொங்கும் துணிகள். எல்லாம் ஒரே ஆளுக்கானவை. அவள் அதையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டாள்.

"ஏன் வந்தீங்க இங்க?" என்று கேட்டாள். சண்டைக்கான குரல் இல்லை. விடுதியில் எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று கேட்பாளே, அதே குரல்.

அவன் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னான். "ஒண்ணுமில்ல. மண்ணு அள்ளிட்டிருந்தேன். மழை வலுத்துது. ஒதுங்கலாம்னு மேல ஏறினேன். மேல போனதும் அப்படியே இந்தப் பக்கம் இறங்கிட்டேன். மறுநாள் வந்துடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஏரியில என்னைத் தேடறாங்கன்னு சொன்னாங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? நாளாக ஆக இன்னும் கஷ்டமாயிடுச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் தேநீரைக் குடித்தாள். இன்னொருத்தி, ஏதோ வெறுப்பு, தன் வாய் என்று எத்தனையோ காரணங்களை வருஷக்கணக்காக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவள். இதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "சரி" என்றாள்.

"நான் வரட்டுமா?" என்றான் அவன்.

"உங்கம்மா. நீங்கதான் வரணும்."

திரும்பும்போது அவன் முன்னால் நடந்தான். சறுக்கலான இடங்களில் நின்று, அவள் தாண்டியதும் மறுபடி நடந்தான். கணவாயைத் தாண்டி இறங்கும்போது ஓரிடத்தில் படிக்கல் ஆடியது. அவன் குனிந்து, கல்லைப் பெயர்த்து, அடியில் சின்னக் கற்களைத் திணித்து, காலால் அழுத்திச் சரிபார்த்தான். பெற்ற தாய் வீட்டில் கிடக்க, மகன் வழியில் கல் பதித்துக்கொண்டிருந்தான். இப்போது கோபம் வரும் என்று அவள் நினைத்தாள். ஒதுங்கி நின்று அதற்காகக் காத்திருந்தாள். அவன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். இருவரும் இறங்கினார்கள்.

அடக்கம் முடிந்தது. ஊர் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வானோ என்று எங்களுக்கும் கூச்சமாக இருந்தது. இன்று போவான் நாளை போவான் என்று பார்த்தோம், அவன் போகவில்லை. ஊராட்சியில் ஆள் தேவைப்பட்டது, பழைய வேலையையே கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் வாய்க்கால்களில் தண்ணீர் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது.

அக்கா மறுபடியும் கூப்பிட்டாள். "அந்த ஆளை உள்ள விட்டியாடி?"

"அவங்கம்மா வீடுக்கா அது. நான் விடறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப நீ ஏன் இருக்கே?"

ரேடியோ யோசித்தாள். "விடுதி பக்கத்துலதானே இருக்கு" என்றாள்.

அவன் கூடத்துப் பெஞ்சில் படுத்துவந்தான். முதுகு வலிக்கிறது என்றான். அம்மாவின் அறையில் படுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்த அறையிலிருந்த பழைய இரும்புக் கட்டில் நடுவில் தொய்ந்துபோயிருந்தது. அதை வெளியே எடுத்தால்தான் வேறு போட முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவருமாகத் தூக்கினார்கள். வாசலில் கட்டில் கால் மாட்டிக்கொண்டது. "சாய்ச்சுப் பிடி" என்றான் அவன். "உங்க பக்கம் இறக்குங்க" என்றாள் அவள். சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்தது. ஒருவழியாக வெளியே வந்ததும், கொல்லையில் கூரைக்கு அடியில் அதைச் சாய்த்து வைத்தார்கள்.

அவள் கையைக் கழுவிக்கொண்டாள். விடுதிக்கு அன்று பெரிய கூட்டம் வருவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார்.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.