ஏ.எல். இல்லாத முனியாண்டி

கோபத்தோடு கிளம்பிய பயணம் இது. ஆகவே கோபம் எங்கே பிடித்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற மாதம் இரண்டாவது ஞாயிறு, பினாங்கில் எங்கள் வாசகர் வட்டம் கூடியது. தேநீர் இடைவேளையில் நண்பர் ஒருவர் கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டார். அரை நிமிடம்கூட ஓடியிருக்காது, நிறுத்திவிட்டு, “இது எந்த மொழின்னு சொல்லுங்க பாப்போம்” என்றார். “பல்வலி மொழி” என்றார் இன்னொருவர். அறையே சிரித்தது. நானும் பாதி உதட்டில் சிரித்தபடி ஆல்பத்தின் பேரைக் கேட்டேன். ‘புரட்டு’ என்றார் நண்பர். இணையத்தில் ஒருவர் அதே பேரில் விமர்சனம் எழுதியிருப்பதாகவும், பேருக்கேற்ற ஏமாற்று வேலை என்று முடித்திருப்பதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தேடினால், அட்டையில் தெளிவாகத் தமிழில் எழுதியிருக்கிறது: ‘பெரட்டு’. தோட்டத்தில் விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பேர். ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல் நம் மக்கள் வாயில் அப்படி ஆனது. மலேசியத் தமிழரில் பாதிப் பேருடைய குடும்பம் அந்த வரிசையில் நின்றிருக்கிறது. அந்தச் சொல்லையே படிக்கத் தெரியாமல் ஒரு விமர்சனம், அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் வட்டச் சிரிப்பு! அன்று சாயங்காலமே, சுங்கைப் பட்டாணியில் நடக்கவிருந்த வெளியீட்டு நிகழ்ச்சிக்கு இருபத்தைந்து ரிங்கிட் கட்டிப் பேர் பதிந்து, காலை ரயிலில் வருவதாகவும் எழுதினேன்.

சனிக்கிழமை காலை. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போகும் கொமுட்டர் ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்து காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஆல்பத்தை முதலிலிருந்து போட்டேன். இந்த வகை இசைக்குப் போஸ்ட்-ஹார்ட்கோர் என்று பேர். எனக்குப் பழக்கமில்லாதது. இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுகின்றன. டிரம்ஸ் நடுவில் வேகத்தை மாற்றி மாற்றி நம் காலை வாருகிறது. ஒரு பெண்குரல் நாலு வரி சுத்தமாக, கிட்டத்தட்டத் தாலாட்டுபோலப் பாடுகிறது. அடுத்த நொடி அதே குரல் துணி கிழிவதுபோல் கிழிந்து கத்துகிறது. தாசெக் குளுகோர் தாண்டும்போது எதிரில் இருந்த மலாய்க்கார அம்மாள் என் காதைச் சுட்டிக்காட்டி, சத்தம் தனக்கும் கேட்கிறது என்று சைகை செய்தார். குறைத்துக்கொண்டேன். பாடிய வரிகள் புரிந்தன. கத்திய வரிகள் புரியவே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், ஓரிடத்தில் என் நண்பர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்குமோ என்றுகூடத் தோன்றியது.

சுங்கைப் பட்டாணி நிலையத்துக்கு வெளியே ஒரு பழைய வெள்ளை வேன் நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி வந்தார்.

“சார்தானே பட்டர்வொர்த்திலேர்ந்து? ஸ்டெல்லா அனுப்பிச்சா. ஏறுங்க. ஆனா ஹால் இல்லலா சார்.”

“இல்லைன்னா?”

“காலையில கேன்சல். சாமி பேர அசிங்கமாக் கத்துறாங்களாம். வாட்ஸ்அப்புல ஒரே சண்டை.”

“எந்தச் சாமி?”

“முனியாண்டி சாமி.” வேனைக் கிளப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். “என் பேரும் முனியாண்டிதான் சார். அந்தப் பாட்டுல இருக்கிறது நான்தான். பாருங்க, ஒரே நாள்ல சாமியாயிட்டேன், காணிக்கைதான் ஒண்ணும் வரல.”

அவர் கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர். முன்பு ரப்பர், இப்போது செம்பனை எனும் எண்ணெய்ப்பனை. லோரி ஓட்டியவர், இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறார். ஸ்டெல்லா பக்கத்து வீட்டுப் பெண், ரயிலில் நான் கேட்ட குரல் அவளுடையதுதான். தோட்டம் கைமாறிவிட்டது, கடைசி லயத்தில், அதாவது தோட்டம் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் மிச்சமுள்ள குடும்பங்கள் இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஒரு குடும்பம் குருணுக்கு, ஒன்று ஜொகூருக்கு, முனியாண்டி மகள் வீட்டுக்கு. ஸ்டெல்லாவின் குழுவுக்குப் பேரே ‘கடைசி லயம்’தான்.

“பாட்டுல எங்க பேரெல்லாம் கூப்பிடுறா சார். பிரிஞ்சு போறதுக்கு முன்னால எல்லாரையும் ஒண்ணா நிக்க வச்சுக் கேக்க வைக்கணும்னு ஆசை. பஸ்ஸு பேசி, அந்த ஹால எடுத்தா. இன்னிக்கு விட்டா அடுத்த வாரம் ரெண்டு வீடு கிளம்பிரும்.”

அந்தக் கத்தலில் இருந்தவை பேர்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காலை பத்து மணிக்கு ஒரு ரொட்டிக் கடையில் ஸ்டெல்லாவைச் சந்தித்தேன். இருபத்தாறு வயது. குருணில் தொழிற்சாலை வேலை. முதல் நாள் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. கத்தலை எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

“மெஷின் பக்கத்துல அங்கிள். அங்க எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேக்காது. எட்டு மணி நேரம் ஃப்ரீ பிராக்டிஸ்.”

“தொண்டை?”

“தொண்டையில கத்தினா போயிரும். வயித்திலேர்ந்து வரணும். கோயில்ல பாட்டு சொல்லிக் குடுக்கிற அக்கா அதையேதான் சொல்வாங்க. இத கேட்டுட்டு அந்த அக்காவே, ‘நீ கொஞ்ச நாள் பாட்டுக்குழுவுக்கு வர வேணாம்மா’ன்னுட்டாங்க.”

ஆக, மாதா கோயிலில் ஆகாது, மண்டபத்தில் ஆகாது. இரண்டு பக்கமும் ஒற்றுமையாக இருந்த விஷயம் இது ஒன்றுதான்.

மண்டபக் குழுவின் செயலாளர் நகரில் துணிக்கடை வைத்திருக்கிறார். மூவரும் போனோம். கடை வாசலில் ஆளுயர ஒலிபெருக்கி ஒன்று, ‘வாங்க வாங்க, மூணு எடுத்தா ஒண்ணு இலவசம்’ என்று தெருவையே அதட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பேசுவதற்கு அவர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

“சத்தம்மா! சத்தம்தான் பிரச்சினை!” என்று அவர் கத்தினார்.

“என்ன அங்கிள்? கேக்கல!” என்றாள் ஸ்டெல்லா.

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன். அவருக்கு அது புரியவில்லை. கைப்பேசியில் ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டினார். யாரோ ஒருவர், ‘ஒரு கிறிஸ்துவப் பொண்ணு நம்ம காவல் தெய்வத்த இப்படியா கூப்பிடுறது’ என்று பொருமினார்.

“ஐயா, இதோ நிக்கிறாரே, இவர்தான் அந்த முனியாண்டி” என்றேன்.

செயலாளர் முனியாண்டியை மேலும் கீழும் பார்த்தார். கெட்டவர் இல்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். “எனக்குப் புரியுது. கேக்கிறவனுக்கு எப்படிப் புரியும்? ஒண்ணு செய்யுங்க. ஐசியில இருக்கிற மாதிரி முழுப் பேரும் போடுங்க. முனியாண்டி ஏ.எல். இன்னார். சாமிக்கு ஏ.எல். கிடையாது, ஆளுக்குத்தான் உண்டு. அப்படிக் கத்தினா ஹால இப்பவே தொறந்து விடறேன்.”

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இந்நாட்டில் தமிழரின் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், ஒருவர் பேருக்கும் தந்தை பேருக்கும் நடுவே ‘ஏ.எல்.’ என்று இருக்கும், இன்னாரின் மகன் என்று பொருள். பெண்ணுக்கு ‘ஏ.பி.’ மலாய்ச் சொற்களின் சுருக்கங்கள் இவை.

யோசித்துப் பார்த்தால் நல்ல சமரசம்தான். நானே ஸ்டெல்லாவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் ஆட்டவில்லை.

“முடியாது அங்கிள். பெரட்டுல யாரு ஏ.எல். போட்டுக் கூப்பிட்டாங்க? வெறும் பேருதான். ‘டேய் முனியாண்டி, ஏய் லெட்சுமி.’ கிராணிக்கு மட்டும் ‘ஐயா.’ அவங்க எப்படிக் கூப்பிட்டாங்களோ அப்படித்தான் பாட்டு. மரியாதையா மாத்தினா அது பொய்யாயிரும்.”

“அப்ப ஹாலும் இல்லம்மா.”

“சரி” என்று எழுந்துவிட்டாள்.

வாசலுக்கு வந்ததும்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. தோட்டத்துக் கணக்கர்களான அந்தக் கிராணிகள் எத்தனை விடியல்களில் எத்தனை பேரைப் பேர் சொல்லி அதட்டியிருப்பார்கள்! அந்தச் சத்தத்தைப் பற்றி எந்தக் குழுவும் கூடிப் புகார் செய்ததாக நான் படித்ததில்லை. தெருவில் துணி விற்கும் சத்தம் வியாபாரம், கல்யாண மண்டபத்துச் சத்தம் மங்கலம், தேர்தல் லோரிச் சத்தம் ஜனநாயகம். தோட்டத்துப் பெண் ஒருத்தி தன் அண்டைவீட்டுக்காரர் பேரைக் கத்தினால் மட்டும் அது சத்தம். இதை முனியாண்டியிடம் சற்று நீளமாகவே சொன்னேன்.

“சார், நீங்களே அவள விட அதிகமாக் கத்துறீங்க” என்றார் அவர்.

தோட்டத்துப் பெரட்டுக்களத்திலேயே வாசித்துவிடுவது என்று ஸ்டெல்லா முடிவு செய்துவிட்டாள். சுங்கைப் பட்டாணியிலிருந்து கோலா கெத்திலுக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். வழியில் இரவுச் சந்தை வியாபாரி ஒருவரிடம் ஜெனரேட்டர் இரவல் வாங்கி வேனின் பின்னால் ஏற்றினோம். லயத்து வயரிங் இவர்கள் கருவிகளைத் தாங்காதாம். செம்பனைக்கு நடுவே மண் பாதையில் திரும்பியதும் முனியாண்டி ஆல்பத்தை வேனில் போட்டார். கதவு, இருக்கை, ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. அவர் ஒரு கையால் ஓட்டியபடி, ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு விரலை நீட்டினார்.

“இது லெட்சுமி அக்கா. முன்ன ஆயாக்கொட்டகையில பிள்ளைங்கள பாத்தவங்க. இது சவரி, ஸ்டெல்லாவோட சித்தப்பா. இது... இருங்க, டிரம்ஸ் வரும், அதுக்கப்புறம்... இதுதான் நானு.”

காலையில் ரயிலில் எனக்கு மொழியே இல்லாமல் கேட்ட இடம் அதுதான். இப்போது ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அதன் பிறகு எவ்வளவு முயன்றாலும் அதை வெறும் இரைச்சலாகக் கேட்க என்னால் முடியவில்லை.

பெரட்டுக்களம் பழைய ஆபீசுக்கு முன்னால் இருக்கிறது. தகரக் கூரை போட்ட திறந்த கொட்டகை, சிமெண்ட் தரை. ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. காவலுக்கு இருந்த நேப்பாள இளைஞர் யார் அனுமதி கொடுத்தது என்று மலாயில் கேட்டார். முனியாண்டி, தாங்கள் நின்ற இடம்தான் என்று பதில் சொன்னார். அது அனுமதியா என்று அவர் சற்று யோசித்தார். பிறகு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து கைப்பேசியில் படம் பிடிக்கத் தொடங்கினார்.

நாலு மணிக்கு லயத்து மக்கள் வந்தார்கள். பஸ் ஏறி நகரத்துக்குப் போவதற்காக உடுத்திய நல்ல உடை. அதைப் போட்டுக்கொண்டு தங்கள் பழைய வேலைக்களத்துக்கே நடந்து வந்தார்கள். யாரும் நாற்காலி போடவில்லை. வந்தவர்கள் தாமாகவே ஒரு வரிசையாக நின்றதைப் பார்த்தேன். பழைய பழக்கமாக இருக்கலாம். கூரை நிழல் அப்படி விழுந்ததாகவும் இருக்கலாம்.

ஆல்பம் முழுவதையும் வாசித்தார்கள். முதல் பாட்டிலேயே லெட்சுமி அக்கா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். “ஏண்டி, இதுக்கா இவ்வளவு மேக்கப் போட்டேன்!” என்று அவர் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. ஜெனரேட்டர் ஒரு முறை நின்றது. சவரி போய் ஓர் உதை கொடுத்ததும் ஓடியது. தகரக் கூரை ஒவ்வொரு அடிக்கும் தானும் ஒரு தாளமாகச் சடசடத்தது.

கடைசிப் பாட்டுதான் ‘பெரட்டு’. கிட்டார்கள் ஒரே சுரத்தில் உறுமிக்கொண்டு நின்றன. ஸ்டெல்லா மைக்கை இரு கையாலும் பிடித்துக் குனிந்து, வயிற்றிலிருந்து அந்தப் பேர்களைக் கூப்பிடத் தொடங்கினாள். “லெட்சுமி!” வரிசை கூச்சத்துடன் சிரித்தது. “சவரி!” சவரி தலையைச் சொறிந்தார். டிரம்ஸ் இடி போல் இறங்கி நின்றது.

“முனியாண்டி!”

வரிசையிலிருந்து முனியாண்டி ஓரடி முன்னால் வந்தார். மைக் இல்லை. கழுத்து நரம்பு புடைக்க, இத்தனை கருவிகளையும் மீறி அவர் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“ஏ.எல். கறுப்பையா! இருக்கேன்!”

ஸ்டெல்லா ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். ஆல்பத்தில் இந்த இடத்தில் பாட்டு அடுத்த பேருக்குப் போய்விடும். அவள் போகவில்லை. முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள். “லெட்சுமி!”

“ஏ.பி. சின்னசாமி! இங்கதான்டி இருக்கேன்!” முந்தானை காதிலிருந்து விழுந்திருந்தது.

“சவரி!”

“ஏ.எல். அந்தோணி! இருக்கேன்!”

அவள் வெறும் பேரைக் கூப்பிட்டாள், அவர்கள் அப்பன் பேரோடு திருப்பிக் கத்தினார்கள். வரிசை முடியும்வரை அப்படியே போனது. யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. நானும் எதையோ கத்திக்கொண்டிருந்தேன்.

சாயங்கால ரயிலில் திரும்பினேன். காதுக்குள் இன்னும் விண்ணென்று ஒலித்துக்கொண்டிருந்தது. கோபம் தீரவில்லை, தீர வேண்டும் என்றும் எனக்கு விருப்பமில்லை. அந்த மண்டபம் அன்று முழுக்கப் பூட்டியே கிடந்தது. வரிசையில் நின்றவர்கள் இந்த மாதம் முடிவதற்குள் நாலு திசைக்குப் பிரிவார்கள். களத்தின் தகரக் கூரையும் போய்விடும். பட்டர்வொர்த்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கையில், எங்கள் தெரு மண்டபத்தில் யாருக்கோ கல்யாண வரவேற்பு, பாட்டு வானத்தைப் பிளந்துகொண்டிருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வேனில் வைக்கும் அளவு பெரிய ஒலிபெருக்கி ஒன்றைக் கொண்டுபோவதாக இருக்கிறேன். நண்பர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். அரை நிமிடத்தில் நிறுத்த விடமாட்டேன். அது முனியாண்டி ஏ.எல். கறுப்பையா என்று சொல்வேன்.