பட்டறையில் வெடித்த சக்கரம்

பெருமாநல்லூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை இருந்தது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் அதில் ஆடு கட்டியிருந்தார்கள். நான் இரும்பு கடையும் பழைய லேத் ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். திருப்பூரில் நிட்டிங் மெஷின்களுக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறையில் எனக்கு வேலை. ஆறு நாளும் அடுத்தவர்களுக்குக் கடைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எனக்காகக் கடைவேன்.

நான் செய்துகொண்டிருந்தது ஓர் இன்ஜின். பெட்ரோலில் ஓடக்கூடிய, ஒற்றை சிலிண்டர் இன்ஜின். சோற்றுக் குண்டானுக்குள் வைத்து மூடிவிடலாம், அவ்வளவு சிறியது. ஒரு பிரவுசிங் சென்டரில், எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் தன் வீட்டிலேயே இப்படி ஒன்றைச் செய்து மேசைமேல் ஓடவிட்டிருந்த படத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. அது தண்ணீர் இறைக்காது, தறி ஓட்டாது. ஓடும், அவ்வளவுதான். உடைந்த ஸ்கூட்டர் பிஸ்டனை உருக்கி அதற்கு பிஸ்டன் வார்த்தேன். மருந்து தெளிக்கும் இன்ஜினில் இருக்கும் சின்ன பிளக்கைப் பொருத்தினேன். இன்ஜினோடு சுழலும் கனச்சக்கரத்தை மட்டும் கோயம்புத்தூரில் வார்ப்பிரும்பில் ஊற்றி வாங்கிவந்து, லேத்தில் பிடித்துக் கடைந்தேன்.

என் மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். வால்வுகளைக் கசிவில்லாதபடி தேய்த்துப் பொருந்த வைத்தது அவள்தான். ஒரு வால்வைத் தேய்ப்பாள், மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பாள், கசிந்தால் மறுபடி தேய்ப்பாள்.

நான் தெற்கே இருந்து பிழைக்க வந்தவன். அவள் இந்த மண்ணில் பிறந்தவள். அவள் வீட்டாருக்குச் சேவூர்ப் பக்கம் தோட்டமும் தறிகளும் இருந்தன. வேற்றுச் சாதிக்காரன் என்று வேண்டாமென்றார்கள். நாங்கள் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டோம். அந்த மாதமே அவளுடைய அண்ணன் என்னைப் பஸ்ஸிலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டு மிதித்தான். முன்பல் ஒன்று தெறித்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கண்டக்டர் விசிலடித்தார், பஸ் போய்விட்டது. அதன்பிறகு அவன் எங்கள் பக்கம் வரவில்லை. மறந்துவிட்டான் என்று நான் நினைத்தேன். "எங்கண்ணன் மறக்க மாட்டானுங்க," என்றாள் அவள்.

சில வருடங்கள் கழித்து அவளுடைய அப்பா இறந்துபோனார். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கம்பெனியில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அவள் ஒரு மாலை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். நான் தோட்டத்துப் பாதையில் தள்ளி நின்றுகொண்டேன். உறவுக்காரர்கள் விலகி வழி விட்டார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் அண்ணன் அவள் தலைமுடியைப் பிடித்துவிட்டான்.

"எழவு ஊட்டுக்குள்ள காலெடுத்து வெக்க உனக்கு என்னடி தைரியம்?"

முடியைப் பிடித்தபடியே அவளை மண்ணில் இழுத்து வந்தான். அவள் எழுந்து நின்று, மாலையை அவன் தலைக்கு மேலாக வீசினாள். அது பாடையின் காலருகே போய் விழுந்தது. எடுத்து எறிய யாரும் குனியவில்லை. நான் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "பட்டற வெச்சு வெளையாடறியாமா? வர்றேன், இரு."

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

அன்று காலை கரண்ட் இல்லை. லேத் ஓடாது என்பதால் இன்ஜினைக் கிளப்பிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். அதற்கு முன் பல மாதங்களாக எத்தனையோ முறை இழுத்துவிட்டோம். இருமுவதைத் தவிர அது ஒன்றும் செய்ததில்லை. கயிற்றைச் சுற்றி இழுத்தேன். திடீரென்று எதிர்ப்பக்கமாக உதைத்தது. கயிறு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்து கன்னத்தில் சாட்டை போல் விழுந்தது. தோல் கிழிந்து ரத்தம் வந்தது. ஸ்பார்க் விழும் நேரத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி இழுத்தேன்.

வெடித்தது. நிற்கவில்லை. வெடிவெடியாக ஆரம்பித்து, ஒன்றோடொன்று சேர்ந்து, காதுக்குள் ஆணி அடிப்பதுபோல் ஒரே அலறலாகிவிட்டது. புகைக்குழாய் முனையில் நீல நெருப்பு நின்றது. மேசை உதறியது. மேசைமேல் இருந்த போல்ட்டுகள் ஊர்ந்துபோய்த் தரையில் கொட்டின. சைலன்சர் ஒன்றும் போடவில்லை. தகரக் கூரை முழுவதும் அதிர்ந்தது. அவள் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏதோ கத்திச் சொன்னாள், கேட்கவில்லை.

அந்தச் சத்தத்தில்தான் கேட் திறந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

என் கழுத்தை யாரோ பின்னாலிருந்து பிடித்து லேத்தோடு சேர்த்து அழுத்தினார்கள். அவள் அண்ணன், தறியில் வேலை செய்யும் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தான். அவன் கையில் கடப்பாரை. முதல் அடியில் டிரில்லிங் மெஷினின் தலை திரும்பிக்கொண்டது. அடுத்த அடியில் ஜன்னல் போனது. ஒவ்வொரு அடிக்கும் வாய் அசைந்தது. என்ன திட்டினான் என்பது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. அவள் மேசைக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

"தொடாதண்ணா! தொடாத!" என்று அவள் அலறியது வாயசைவில்தான் தெரிந்தது.

ஒரு கையால் தள்ளினான். அவள் நெற்றி, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெஞ்ச் வைஸின் மூலையில் மோதியது. அவள் முகத்தில் ரத்தம் வழிந்ததைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. கைக்கு எட்டிய ஸ்பேனரை எடுத்து, என்னைப் பிடித்திருந்தவனின் முட்டியில் அடித்தேன். எலும்பு நொறுங்கியது என் கைவரை தெரிந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். இன்னொருவன் என் வயிற்றில் உதைத்தான். நான் விழுந்துகொண்டிருக்கும்போதே அண்ணன் கடப்பாரையை ஓங்கி, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்மேல் இறக்கினான்.

கடப்பாரை முனை கனச்சக்கரத்தின் ஆரங்களுக்குள் போய்விட்டது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஒரே ஒரு சத்தம், துப்பாக்கி மாதிரி. ஒரு துண்டு கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. ஒரு துண்டு சுவரில் பாய்ந்தது. மூன்றாவது துண்டு அண்ணன் முகத்தில்.

பிறகு சத்தமே இல்லை. பெட்ரோல் மேசையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவன் நின்றபடியே முகத்தைப் பொத்தினான். விரல்களுக்கிடையே ரத்தம் வந்தது. மெதுவாகச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். கூட வந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். முட்டி உடைந்தவனைத் தாங்கிக்கொண்டு மற்றவன் வெளியே போனான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவன் அங்கேயே கிடந்து சாகட்டும் என்று எனக்குத் தோன்றியது. உடைந்த இன்ஜினைத்தான் முதலில் பார்த்தேன். சக்கரத்தைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் விரல் மடக்கினதுபோல் வளைந்திருந்தது. அவள்தான் கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு வந்து அவன் கண்மேல் வைத்து அழுத்தினாள்.

"ஏனுங்க, நின்னுட்டு இருக்கீங்களே? போய் ஆட்டோ புடிங்க."

"என்னட்டி சொல்லுத? உன்னயக் கொல்ல வந்தவன்..."

"புடிங்கன்னா புடிங்க."

ஆட்டோக்காரர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துப் பயந்துவிட்டார். "ஏனுங்க, கேஸு கீஸு ஆயிராதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். பின்சீட்டில் அவன் தலை அவள் மடியில் இருந்தது. அவள் நெற்றி ரத்தம் அவன்மேல் சொட்டியது. அவன் முனகும்போதெல்லாம் அவள் துண்டை இன்னும் இறுக்கினாள்.

"செத்துராத. நீ செத்தா நான் அழ மாட்டேன், தெரிஞ்சுக்க," என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்தார். அவளுடைய அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்குப் பாதி முகத்தில் கட்டு. அவள் நெற்றியில் தையல். எப்படி ஆச்சு என்று போலீஸ்காரர் கேட்டார்.

"தறியில பெல்ட்டு அறுந்து அடிச்சுருச்சுங்க," என்றான் அண்ணன்.

"இந்தம்மாவுக்கு?"

"என்ற தங்கச்சிங்க. என்னயத் தூக்கறப்போ முட்டிக்கிச்சுங்க."

தங்கச்சி என்று அவன் சொல்லி வருடங்கள் ஆகியிருந்தன. அதோடு முடிந்தது என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அவன் மானத்துக்காகச் சொன்னாலும் சரி, நம்மை விட்டால் போதும். ஆனால் அவள் கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து போலீஸ்காரர் முன்னால் போய் நின்றாள்.

"இல்லீங்க. பொய்யிங்க. ஆளக் கூட்டிட்டு எங்க ஊட்டுக்கு வந்து கடப்பாரையில அடிச்சாருங்க. என் தலைய ஒடச்சாருங்க. எழுதிக்குங்க."

அவள் அம்மா எழுந்துவந்து பளாரென்று அறைந்தார். தையல் போட்ட இடத்திலிருந்து ரத்தம் கசிந்தது. அவள் கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

"எழுதிக்குங்க," என்றாள் மறுபடியும்.

எழுதினார்கள். நாங்கள்தான் இரும்பை எறிந்து கண்ணைக் குருடாக்கினோம் என்று அவர்கள் பக்கத்திலும் ஒரு கேஸ் கொடுத்தார்கள். அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை. ராஜியாகப் போகச் சொல்லி அவர்கள் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். சிலர் பழத்தட்டோடு வந்தார்கள், சிலர் பேசாமல் கேட் முன்னால் ஜீப்பை நிறுத்திவைத்தார்கள். காவலுக்கென்று அதன்பின் நாங்கள் வளர்த்த நாயை ஒரு நாள் விஷம் வைத்துக் கொன்றார்கள். நான் இரண்டு முறை கையெழுத்துப் போடத் தயாராக இருந்தேன். அவள் இரண்டு முறையும் மறுத்தாள். கோர்ட்டுக்கு அலைந்தே அந்த வருடங்கள் போயின.

இதற்கிடையில் இன்னொரு கனச்சக்கரம் கடைந்தேன். இந்த முறை ஸ்டீல். சுற்றிலும் கனமான தகட்டில் கூண்டு அடித்து, கிராங்க் ஷாஃப்டையும் புதிதாகச் செய்தேன். அது மறுபடி ஓடியபோது சிரிக்க முடியவில்லை. அந்த அலறல் எழுந்ததும் என் கழுத்து தானாக உள்ளே இழுத்துக்கொண்டது, கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கதவுக்கு வெளியே, கேட்டைப் பார்த்தபடி, கையில் ஸ்பேனருடன் நின்றிருந்தாள். இன்ஜினை அணைக்கச் சொல்லவில்லை. டாங்க் காலியாகித் தானே நின்றபிறகுதான் உள்ளே வந்தாள்.

கடைசியாக நாங்கள் அவனைப் பார்த்தது கோர்ட் வராந்தாவில். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். வக்கீல் உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அந்த இன்ஜினு இப்ப ஓடுதா?" என்று கேட்டான்.

"ஓடுது," என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். பிறகு என் காலுக்கருகே காறித் துப்பிவிட்டுப் படியிறங்கிப் போனான்.