பதினான்காம் எண் டப்பா

எழுபதுகளின் நடுவில், மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கும்போது போன பயணம் இது. கள ஆய்வுக்குக் கிளம்பும் மாணவர்கள் அவசியம் படியுங்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் வீட்டுத் தலைவர்களின் சளியை டப்பாக்களில் வாங்கி வந்திருந்தோம். பதினான்காம் எண்ணில் காசநோய்க் கிருமி. பட்டியலில் பெயர் கண்ணியப்பன். ரெக்கார்டு நோட்டில் ஏற்றியதோடு வேலை முடிந்தது என்றார்கள். எனக்கு எரிச்சல். அந்த ஆளிடம் யார் சொல்வது?

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தாம்பரத்தில் ரயில், எட்டுக்குச் செங்கல்பட்டு. இட்லி, வடை, காபி எழுபது பைசா. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். சிற்பங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணலில் வடக்கே மூன்று கிலோமீட்டர் நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது உத்தமம்.

பதினோரு மணிக்குக் கண்ணியப்பன் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார். தேக்குக் கட்டை போல உடம்பு. விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். இருமலே வந்ததில்லையாம்.

"நீங்க வந்த அன்னிக்கு காலைல நான் கடல்ல இருந்தேன். எங்க துப்புனேன்?"

காலை எட்டு மணிக்கு மீனவர் குப்பத்துக்குப் போய் வீட்டுத் தலைவரைக் கேட்ட எங்கள் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல! மீன் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி அஞ்சலை நிமிராமலே சொன்னார்.

"நான்தான் துப்பிக் குட்தேன் தம்பி. காலி டப்பாவோட போனா படிக்கிற புள்ளைங்க திட்டு வாங்குவீங்களேன்னு."

முடிவைத் தபாலில் போட்டிருந்தால் மருந்து கண்ணியப்பனுக்கல்லவா போயிருக்கும்!

மறுநாள் இருவரும் முதல் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு வந்தார்கள். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் வரிசையில் நின்றேன். சீட்டு எழுதுபவர் பெயர் கேட்டபோது அஞ்சலை என்று நானே உரக்கச் சொன்னேன். ஒன்றரை வருடம் ஒருநாள் விடாமல் மருந்து சாப்பிட்டுக் குணமானார். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். படகுகள் கரை சேர்ந்த பிறகு போங்கள். துப்பியவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள். முடிவு எதுவானாலும் நேரில் போய்ச் சொல்லுங்கள், ஒன்றுமில்லை என்றாலும்கூட. அன்று வரிசையில் நின்றபடி அஞ்சலை சொன்னதை நான் மறக்கவில்லை.

"போன வருசமும் உங்கள மாரி பசங்க டப்பா எத்துகினு வந்தாங்க. அப்பவும் நான்தான் குட்தேன். யாரும் திரும்பி வரல. அதான் ஒண்ணுமில்லன்னு நெனச்சிகினேன்."